பிணைப்பவளின் மூச்சு

...தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று மூன்று, இறங்காதே கண்ணு, அங்கேயே நில், அந்தப் பெட்டியில் ஓடுகிற ஆக்சிஜன் எண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, என் நெஞ்சின் மேல் தவளை மாதிரி காலை மடக்கிக் குப்புறக் கிடக்கிற இவளைக்கூட. ஒன்றரைக் கிலோ. தலையில் குல்லா, இடுப்பில் ஒரு துணி, பாதத்தில் சிவப்பாக எரிகிற சின்ன கிளிப், மற்றபடி தோலோடு தோல். ஐந்து நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள், ஓட்டை வழியாக ஒரு விரலை நீட்டித் தொட்டுக்கொண்டிருந்தேன், தொட்டேன் என்றுதான் பெயர், நூல் முறுக்கி முறுக்கி மரத்துப்போன விரலுக்கு என்ன தெரியும், இன்றைக்குத்தான் இவள் இவ்வளவு சூடு என்றே எனக்குத் தெரிந்தது. ஷாரோன் சிஸ்டர் நைட்டியின் பொத்தானைக் கழற்றி, இவளைத் தூக்கி வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டினாள். "ஒரு மணி நேரம் உம்மேலயே வச்சிக்கோ சுகாசினி, அந்த மிஷினவிட நீதான் பெஸ்ட்டு" என்றாள். சொல்வாள், அவளுக்கென்ன. இந்தப் பிள்ளை மூச்சு விட மறந்துவிடுகிறது என்று சொன்னதும் அவள்தானே. மறப்பதற்கு அது என்ன ரேஷன் கார்டா? காலையிலிருந்து இரண்டு தடவை மறந்தாயிற்று, மூன்றாவது தடவை மறந்தால் ஆம்புலன்ஸில் ஏற்றி சென்னைக்கு அனுப்பிவிடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நான் இங்கே, இவள் அங்கே. வீட்டுக்காரர் முனிரத்தினம் கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்து எட்டிப் பார்க்கிறார், அவர் மூச்சில் கண்ணாடி மங்குகிறது, துடைக்கிறார், மறுபடி மங்குகிறது, போய் டீ குடியுங்களேன் என்று கத்தலாம் போல இருக்கிறது, கத்த முடியாது, கத்தினால் நெஞ்சு ஆடும்.

ஆடக் கூடாது. அது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், பாவு, தீர்ந்ததும் அதன் இழை ஒவ்வொன்றையும் புதுப் பாவின் இழையோடு சேர்த்து முறுக்க வேண்டும், அதுதான் என் தொழில், சின்ன காஞ்சிபுரத்தில் எந்த வீட்டில் பாவு தீர்ந்தாலும் பிணைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். நாலாயிரத்துக்கு மேல் இழை, ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிசு. சித்திரை வெயிலிலும் ஃபேனைப் போட விடமாட்டேன். விரல்நுனியில் விபூதி தொட்டு, இரண்டு முனையைச் சேர்த்து, மூச்சை அடக்கி, ஒரு முறுக்கு, அப்புறம்தான் மூச்சு. பெருமூச்சு விட்டால் பக்கத்து இழை பறந்துபோய்ச் சிக்கிக்கொள்ளும். பதினான்கு வருஷமாக இப்படித்தான், என் கையால் பிணைத்தது ஒன்றுகூட அறுந்ததில்லை. தொண்ணூற்று இரண்டு. இவளும் ஓர் இழைதானே, நான் பிடித்துக்கொள்வேன். மூத்தவனையும் இப்படித்தான் பிடித்துக்கொண்டேன்... வேண்டாம், அதை இப்போது நினைக்காதே. இரண்டு வருஷம் முன்னால், வேறு ஆஸ்பத்திரி, அவனும் ஏழாம் மாதம், கொஞ்ச நேரம் வைத்துக்கொள் என்று நெஞ்சில் கொடுத்தார்கள், பெட்டி எதுவும் இல்லை, எண் எதுவும் ஓடவில்லை. மாமியார் சம்பூர்ணம் காதோரம் வந்து, "ஆடாத இருமா, புள்ள தூங்குது" என்றாள். நான் ஆடவில்லை. அவன் தூங்கினான். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான், அதற்கு மேல் எதுவும் இல்லை, தொண்ணூறு, ஏன் இறங்குகிறது, நான்தான் அசையவே இல்லையே, எண்பத்தெட்டு, எண்பத்தைந்து, பெட்டி கத்துகிறது, அடக்கு, இன்னும் அடக்கு, அசையாதே...

ஷாரோன் சிஸ்டர் ஓடி வந்து இவளுடைய உள்ளங்காலை விரலால் தேய்த்தாள், முதுகைத் தேய்த்தாள், இவள் விருக்கென்று உதறி, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டு மூச்சை இழுத்தாள். எண்பத்தொன்பது. தொண்ணூற்று நான்கு. சென்னையா, சிஸ்டர், சென்னையா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா, நீயே மூச்சு வுடாத கெடக்குற? ஒதடெல்லாம் வெளுத்துப் போயிருக்குது."

"ஆடக் கூடாதுன்னு..."

"யாரு சொன்னது? ஒன் நெஞ்சு ஏறி எறங்குனாதான் அதுக்கு ஞாபகம் வரும்மா. நீ வுட்டா அது வுடும். நல்லா இழுத்து வுடு, நான் பாத்துக்கினு இருக்கேன். டாக்டராண்ட அப்பறம் பேசிக்கலாம்."

விட்டேன். மூச்சு விடுவதற்குக்கூட ஒருத்தி சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நெஞ்சு ஏறியது, இவளும் ஏறினாள், இறங்கினாள். முதுகில் வைத்திருந்த என் உள்ளங்கைக்கு அடியில் இவளுடைய மூச்சு தனியாக ஓடியது, கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் முந்தி, ஆனால் ஓடியது. தொண்ணூற்றாறு. கண்ணாடியில் முனிரத்தினம் சிரிக்கிறார், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். எனக்கும் சிரிப்பு வந்தது, பாதி வந்து அப்படியே நின்றுவிட்டது. நீ வுட்டா அது வுடும். அப்படியானால் அன்றைக்கு? அவன் என் மேல் கிடந்த அந்த அரை மணி நேரம்? ஆடாமல் இருந்தேன், அது தெரியும், ஊரே மெச்சுகிற என் கை அவனைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதுவும் தெரியும், ஆனால் மூச்சு... சிஸ்டரைக் கேட்கலாம், அவள் இரண்டடியில்தான் நிற்கிறாள், அதெல்லாம் இல்லமா என்று சொல்லிவிடுவாள், அதனாலேயே கேட்க முடியவில்லை. அழுதால் மூச்சு விட்டு விட்டு வரும், இவளுக்கு அது குழப்பம். அழாதே. இழு, விடு. இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது, இழு, விடு, அன்றைக்கு நான் மூச்சு விட்டேனா, இழு, விட்டேனா, விடு...