ஜாயின்ட்டில் ஊற்றிய ஒரு குடம் தண்ணீர்

ஒரகடம் சாலைக்கு அடியில் குழாய் இழுத்த இயந்திரம் உறுமிய உறுமலில் வல்லக்கோட்டை முருகனின் மயிலே தோகையை மடக்கியிருக்கும். இயந்திரம் சாலையின் அந்தப் பக்கம். இந்தப் பக்கம், யானைத் தும்பிக்கைத் தடிமனில் கறுப்பு பிளாஸ்டிக் குழாய், புற்றுக்குள் போகும் பாம்பாகக் குழிக்குள் நழுவிக்கொண்டிருந்தது. வால்பக்கம் நின்ற வெல்டர் ராஜாமணி மட்டும் ஒரு ஜாயின்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் போட்ட கடைசி ஜாயின்ட் அது. சூட்டுத் தட்டில் இரண்டு குழாய்களின் முனைகளையும் உருக்கி, ஒட்டி, இறுக்கிப் பிடித்து, தானாக ஆறவிட வேண்டும். சூப்பர்வைசர் மோகனுக்கோ, பொறுமை என்பது பிறக்கும்போதே வைக்க மறந்த உறுப்பு. "இன்னாய்யா, அடைகாக்குறியா?" என்று அவன் கத்திய கத்தலில், ராஜாமணி ஒரு குடம் தண்ணீரை எடுத்து ஜாயின்ட் மேல் ஊற்றிவிட்டான். வெளியே இறுகிவிட்டது. உள்ளே? வெந்தும் வேகாத இட்லி.

இந்தக் குழாய் தண்ணீர் கொண்டுபோவது வல்லம் வடகாலில் ராஜாமணியின் தெருவுக்குத்தான். தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி ஓடியே அவன் மனைவி சந்திரம்மாள் ஓட்டப் பந்தயத்தில் தங்கம் வாங்கலாம். வராத தண்ணீருக்கு இப்போதே பித்தளைக் குழாய் வாங்கி, புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள்.

ஜாயின்ட் குழியை நெருங்கியது. சாலைக்கு அடியில் போய்ப் பிய்ந்துகொண்டால் தோண்டவும் முடியாது.

"சார், நிறுத்துங்க! அந்த ஜாயின்ட்டு நிக்காது."

"யோவ், பாதி பைப்பு உள்ள கீது. இப்ப நின்னா சேறு புடிச்சிக்கும். தெரியுமா, தெரியாதா?"

தெரியும். சாலைக்கு அடியில் போட்ட துளை நெடுகச் சேற்றுக் குழம்பு. இழுத்துக்கொண்டே இருந்தால் வழுக்கும். நின்றால் உடும்புப் பிடி.

"தெரியும் சார். தண்ணி ஊத்துனதே நான்தான்."

மோகன் முறைத்த முறைப்பில் தார்ச்சாலை இளகியது. இழுப்பை நிறுத்தினார்கள். வெட்டியெடுத்த ஜாயின்ட் சம்மட்டியின் ஒரே அடியில் அப்பளமாக நொறுங்கியது.

மறுபடி ஒட்டினார்கள். இந்த முறை மோகனே குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். ஆறுவதற்குள் ஒரு யுகம் போயிற்று.

"இழு!" என்றான் மோகன், போனில்.

அந்தப் பக்கம் இயந்திரம் ஓட்டிய பகலவன் அலறினான்: "இழுக்குறேன் சார்! பைப்பு வரல, மிசினுதான் முன்னால வருது!"

ராஜாமணி ஜாயின்ட்டைத் தடவிப் பார்த்தான். அவன் ஆயுளில் போட்டதிலேயே அழகான ஜாயின்ட், குழிக்கு ஒரு முழம் வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அவன் போன் அடித்தது. சந்திரம்மாள்.

"இன்னாயா, தண்ணி வந்துடுமா? கொழாய மாட்டிடவா?"

"இன்னும் கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சிக்கினு இரு," என்றான்.