பழைய கோப்புறையில் இருந்தவர்கள்

நாவற்கண்டிக்குளத்து நாற்பத்தொரு குடும்பங்களின் காலடித் தடம் ஐந்து வருடமாக அந்த ஊரில் விழுவதில்லை. முழங்கால்மட்டும் வயற்சேற்றில் இறங்கி ஏறினாலும் சேறு துடைத்த மேசை மாதிரிக் கிடக்கும். காலடிகள் தொலைந்துபோகவில்லை. அவர்கள் முன்பு இருந்த இடங்களில் விழுந்துகொண்டிருந்தன.

இது கொம்பியூட்டரால் வந்தது. 2012இல் ஒரு நிறுவனம் விவசாயிகள் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்தக் கொம்பியூட்டரில்தான், யார் எந்தக் காணியில் எப்போது குடியேறினார் என்ற பட்டியல் இருந்தது. பட்டியல் இருந்தால்தான் காணிக்கு அனுமதிப்பத்திரம். சங்கச் செயலாளர் கமலாசனியின் தகப்பன் செல்வராசா, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் பன்னிரண்டு வயதில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அன்றிலிருந்து அதே இரண்டு ஏக்கர்தான். இடையில் சண்டைக்குப் பயந்து ஓடியதும் திரும்பி வந்ததும் தனிக்கதை. கையில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. 2020 மாசியில் காணிக் கந்தோர் பட்டியலைப் புதுப் படிவத்தில் கேட்டது. புதுப் படிவம் பழைய விண்டோஸில் திறக்காது. ஊரில் இணையம் இல்லை. குளக்கட்டில் ஏறி நின்றால் தொலைபேசியில் ஒரு பேச்சுப் பேசலாம், அவ்வளவுதான். ஆகவே முல்லைத்தீவில் கடை வைத்திருந்த வினோதன் புது விண்டோஸைப் பென் டிரைவில் ஏற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார்.

ஓடுகிற கொம்பியூட்டரில் செருகி உள்ளிருந்தே ஏற்றினால் பழையதெல்லாம் அப்படியே இருக்கும். அணைத்துவிட்டுப் பென்னிலிருந்து எழுப்பினால் புதுக்குடித்தனம். வினோதனுக்கு இது தெரியும். ஆனால் அந்த ஊரில் நெற்கதிரைச் சூடடிக்கிற மெசின் இரண்டு பேரின் விரல்களைத் தின்றிருந்தது. ‘ஓடும் இயந்திரத்தில் கை வைக்காதே’ என்று சங்கச் சுவரில் சிவப்பில் எழுதியிருந்தது. கமலாசனி சுவரைக் காட்டினாள்.

“அக்கா, இது சூடடிக்கிற மெசின் இல்லை.”

“ஓடுதுதானே? நிப்பாட்டிப்போட்டுத் தொடும்.”

“நிப்பாட்டினா வேற மாதிரி ஏறும்.”

“எப்பிடியோ ஏறட்டும். விரலோட வீட்ட போம்.”

வினோதனுக்கு இன்னும் இரண்டு இடம் போகவேண்டியிருந்தது. அணைத்தார். மூன்றரை மணித்தியாலத்தில் புது விண்டோஸ் வந்தது, பட்டியல் வரவில்லை. அது ‘பழையது’ என்ற கோப்புறைக்குள் கிடந்தது. அதைத் திறக்கிற மென்பொருள் செத்துப்போயிருந்தது. பத்து நாளில் மெசினே அந்தக் கோப்புறையை அழித்துவிடும் என்று சொல்லிவிட்டு, வினோதன் தேத்தண்ணியும் குடியாமல் போனார்.

அடுத்த நாள் காலையிலிருந்து காலடிகள் ஊரில் விழவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தமையன் தொலைபேசி எடுத்து, தன் வெங்காயத் தோட்டத்தை உழக்கியது யார் என்று ஏசியபோதுதான், விமலேஸ்வரி என்ற வயற்காரிக்கு விசயம் விளங்கியது. ‘பழையது’ கோப்புறையும் அழிந்தால் காலடி எங்குமே விழாது என்று கமலாசனி கணக்குப் போட்டாள். கொம்பியூட்டருக்குள் திகதியைக் காத்துவந்த பொத்தான் பற்றரி எப்போதோ செத்திருந்தது. அதனால் அணைத்து எழுப்பும்போதெல்லாம் அது 2012 தை முதலாம் திகதியில் கண் விழிக்கும். இணையம் இருந்தால் இன்றைய திகதியை அதுவே அறிந்திருக்கும். அவள் தினமும் பின்னேரம் அணைத்தாள், காலையில் எழுப்பினாள். பத்தாம் நாள் வரவில்லை. பற்றரி மாற்ற வந்த வினோதனை வாசலிலேயே மறித்துத் திருப்பினாள்.

ஐந்து வருடம் கழித்து, பட்டியல் இல்லாதபடியால் நேரில் பார்க்கிறோம் என்று காணி உத்தியோகத்தர் கஜேந்தினி வந்தார். நெல்லைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், வரம்பைப் பார்த்தார்; ஒரு காலடிகூட இல்லை. ‘ஆளில்லாக் காணி’ என்று எழுதத் தொடங்கினார்.

“முன்னால நிக்கிறேனே மிஸ்” என்றார் செல்வராசா.

“நிக்கிறீங்கள் ஐயா. நடக்கேல்லையே.”

கமலாசனி வீட்டுக்கு ஓடி ஒரு கடிதத்தோடு வந்தாள். மலைநாட்டுத் தோட்டமொன்றின் நிர்வாகம் சங்கத்துக்கு எழுதிய முறைப்பாடு அது. தினமும் காலை ஆறு முதல் பதினொன்றுவரை ஒருவர் தேயிலைச் செடிகளுக்குள் நேர்கோடாகப் போய்த் திரும்புகிறார். ஆளைக் காணவில்லை, அடி மட்டும் விழுகிறது. குதி ஆழமாக இறங்குவதால் சுமை தூக்குகிறார் போலும். வலது காலில் சின்னவிரல் இல்லை. சின்ன வயதில் செடி கவ்வாத்து வெட்டும் கத்தியால் விரலை வெட்டிக்கொண்ட செல்வராசாதான் இது என்று லயத்துத் தொழிலாளர் சொல்கிறார்கள். தயவுசெய்து அவரைக் கட்டுப்படுத்தவும்.

கஜேந்தினி செல்வராசாவின் வலது காலைப் பார்த்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“இவ்வளவு நடக்கிறதெண்டால் இரண்டு ஏக்கர் சரியாத்தான் வரும்” என்று சொல்லி, எழுதியதை வெட்டிவிட்டுக் கடிதத்தைக் கோப்பில் கோத்தார். மற்றவர்களும் தங்களுக்கு வந்த முறைப்பாடுகளைத் தேடி வீடுகளுக்கு ஓடினார்கள்.

இரண்டு மாதத்தில் அனுமதிப்பத்திரம் வந்தது. கந்தோரில் செல்வராசா பெருவிரலை மையில் தோய்த்துக் கடதாசியில் அழுத்தினார். கடதாசி வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு தரம் அழுத்தினார். கஜேந்தினி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்.

“அங்க விழுந்திருக்கும்” என்று சொல்லி முத்திரையைக் குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.