வெரா நதி அகலமான விதம்

எர்லென்ஹாகென் ஊரில் வெரா நதி அகலமாக ஆரம்பித்தது 1945 ஜூலை பதினோராம் தேதி, புதன்கிழமை காலையில். முதல் நாள் அளவு ஒரு சாண். படகுத்துறைக்காரி மெக்டில்டுக்குத்தான் முதலில் தெரிந்தது. இரு கரைக்கும் இழுத்துக் கட்டி, கையால் பிடித்துப் படகை நகர்த்தும் கம்பிக்கயிறு, அவள் மாமனார் காலத்திலிருந்து நாற்பத்தேழு மீட்டர். அது முளையைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் கிடந்தது. முளை இற்றுப்போயிருக்கும் என்று நினைத்து வேறு அடித்தாள். வியாழக்கிழமை அதுவும் பிடுங்கிக்கொண்டது.

முந்தின நாள்தான் அவள் படகில் நடு ஆற்றில் விழா நடந்தது. மேற்குக் கரையைப் பிடித்திருந்த அமெரிக்கக் கேப்டன் ஹாலிஸ்டரும், கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்த ரஷ்யக் கேப்டன் ஸ்விரிதோவும் கை குலுக்கினார்கள். புகைப்படக்காரரின் பெட்டி மக்கர் செய்ததால் பதினைந்து நிமிடம் குலுக்கினார்கள். போரில் இரண்டு பேரும் ஒரே ஆளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரம் வாய்க்கவில்லை. அடி வாங்கியவன் விழுந்த பிறகுதான் பார்த்துக்கொண்டார்கள். விழுந்தது தன் நாடு என்பதால் மெக்டில்ட் கயிற்றிலேயே கண்ணை வைத்து அதைப் பிடித்திருந்தாள். முடிவில்லாத நட்புக்கு என்று ஆளுக்கொரு கோப்பை மதுவை ஆற்றில் ஊற்றினார்கள். மேற்குக் கரை பக்கத்தில் இருந்ததால் ஹாலிஸ்டரை அவள் முதலில் இறக்கிவிட்டாள். ஸ்விரிதோவ் கடிகாரத்தைப் பார்த்து அதைக் குறித்துக்கொண்டார்.

கரைகள் நகரவில்லை. யாருடைய தோட்டமும் ஒரு விரற்கடை குறையவில்லை. நடுவில் இருப்பது மட்டும் பெருகியது. கிறிஸ்துமஸுக்குள் அக்கரை போக ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த கோடையில் படகில் பாய்மரம் வைத்து, ரொட்டி கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. எதிர்க்கரை மாதாகோயில் கோபுரம் தையல் ஊசி அளவுக்குச் சிறுத்தது. ரொட்டிக்கடை ஷ்லோட் தண்ணீரை நக்கிப் பார்த்து உப்பு என்றார். ஒரு மாலையில் முழு நிலா ஆற்றுக்குள்ளிருந்தே எழுந்து வந்தது. ஊரே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது.

இரு தரப்பும் ஆய்வுக்குழு போட்டன. அமெரிக்கர்கள் அடிக்கணக்கிலும் ரஷ்யர்கள் மீட்டரிலும் அவரவர் அலுவலகத்தில் உட்கார்ந்து, பழைய வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து அளந்தார்கள். வெரா நாற்பத்தேழு மீட்டர்தான் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அவர்கள் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அதுதான். பிறகு இவர்கள் ஒரு காவல் கோபுரம் கட்டினார்கள், அவர்கள் அதைவிட உயரமாக ஒன்று கட்டினார்கள். ஒவ்வொரு கோபுரத்துக்கும் நதி ஒரு மைல் விலகியது.

வெராவில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கரையில் நின்று எவர் "ஏத்திக்கோ!" என்று கூப்பிட்டாலும், படகுக்காரர் யார் எவர் என்று கேட்காமல் போய் ஏற்றி வர வேண்டும். இப்போது குரலுக்கும் தூரம் கூடிவிட்டது. கூப்பிட்டது ஒரு சாப்பாட்டு நேரம் கழித்து வந்தது. அப்புறம் நாள் கணக்கில் தாமதித்தது. 1947 அக்டோபரில், மெக்டில்ட் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது, தண்ணீர்மேல் தவழ்ந்து ஒரு குரல் வந்து சேர்ந்தது. "மெக்டில்ட்! ஏத்திக்கோ! காலெல்லாம் நனைஞ்சு போச்சு, சீக்கிரம் வா!"

கிழக்கே சண்டைக்குப் போய், மூன்றே முக்கால் வருடமாகத் தகவல் இல்லாத அவள் கணவன் ஆல்வினின் குரல் அது.

"உயிரோட வந்தவன் முதல்ல காலு நனைஞ்சதத்தான் சொல்றான். உன் புருஷனேதான், சந்தேகமே வேணாம்" என்றார் ஷ்லோட். அவர் கண் கலங்கியிருந்தது.

குரல் எப்போது கிளம்பியது, கூப்பிட்டவன் இன்னும் நிற்கிறானா என்பதுதான் தெரியவில்லை. படகில் சாமான் ஏற்றும்போது ஹாலிஸ்டர் வந்தார்.

"நாப்பத்தேழு மீட்டர் போறதுக்கு எதுக்கும்மா மூணு மூட்டை உருளைக்கிழங்கு?"

"நீங்க அளந்த ஆறு அது, கேப்டன் ஐயா. நான் போறது வேற ஆறு."

"அந்தப் பக்கம் போகத் தடை இருக்கு, தெரியுமில்ல?"

"கூப்பிட்டாங்க, போறேன். நீங்க அன்னைக்கு நடு ஆத்துக்குப் போனப்போ உங்களையும் யாருன்னு கேக்காமத்தானே ஏத்தினேன்?"

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நாற்பத்தேழு மீட்டருக்குள் பயணம் என்ற சொல்லே பொருந்தவில்லை. அவர் பக்கத்தைத் தேடி முடிப்பதற்குள் அவள் கண்ணுக்கு மறைந்துவிட்டாள்.

பத்தொன்பது நாள் போனாள். படகுக்கு அடியில், தேவாலயம் அளவுக்குப் பெரிய வெளிச்சங்கள் அவசரமில்லாமல் நீந்திப்போயின. இரு கரை ஒலிபெருக்கிகளும் அனுப்பிய பேச்சுகள் இன்னும் பாதி வழியில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஹாலிஸ்டரின் பழைய நல்லெண்ண உரை ஒன்றுக்குள் புகுந்து வெளியே வர அவளுக்கு ஒரு முழு மதியம் பிடித்தது. இருபதாம் நாள், களஞ்சியக் கதவு ஒன்றின்மேல் உட்கார்ந்து, பலகைத் துண்டால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, இடுப்புவரை தாடியோடு எதிரே வந்தான் ஆல்வின்.

"இவ்வளவு நேரமா உனக்கு?" என்றான்.

"நீ கூப்பிட்டதே இப்பத்தான் வந்துச்சு."

"கூப்பிட்டு ஏழு மாசம் ஆச்சு மெக்டில்ட்! காத்திருந்து பாத்துட்டு, சரி கிடைச்சதுல ஏறியாவது போவோம்னு கிளம்பிட்டேன்."

அவள் அவனைப் படகுக்குள் இழுத்துப் போட்டு, முதலில் பூட்ஸைக் கழற்றினாள். கால் உண்மையாகவே நனைந்துதான் இருந்தது. அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

மேற்கே போனால் அவனை உளவாளி என்பார்கள், கிழக்கே போனால் அவளை. யோசித்துக்கொண்டிருந்தபோதே படகு தரை தட்டியது. புதிதாக முளைத்த தண்ணீருக்கு அடியில் புதிதாக முளைத்த மண்ணும் இருக்கத்தானே வேண்டும். கருப்பு மண், யார் காலும் படாதது. மீதியிருந்த உருளைக்கிழங்கை அதில் ஊன்றினார்கள்.

அங்கிருந்து எழுந்த புகையை இரு தரப்புக் கோபுரங்களும் கவனித்து அறிக்கை அனுப்பின. நாற்பத்தேழு மீட்டருக்குள் தீவுக்கு இடமில்லை என்று இரண்டு தலைமையகங்களிலும் கோப்புகளை மூடிவிட்டார்கள். 1949-இல் கரைக்கு ஒன்றாக இரண்டு நாடுகள் பிறந்தன. 1950-இல் நடுவில் ஒரு பெண் குழந்தை பிறந்தாள். நாற்புறமும் தண்ணீரையே பார்த்து வளர்ந்தவள் அவள். ஆற்றுக்குக் கரை என்று ஒன்று உண்டு, அதுவும் இரண்டு உண்டு என்று அப்பா சொன்னால், பெரியவர் மனம் நோகக் கூடாதே என்று தலையாட்டிவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவாள்.