மாமரத்துக்குப் பின்னால் நீல வீடு

என் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பழைய முகவரி எல்லாவற்றையும் திருடர்களிடம் கோட்டைவிட்டது மெல்போர்னில் இருக்கும் ஒரு போன் கம்பெனி. ஆனால் நான்தான் நான் என்று நிரூபிக்க வேண்டியது நானாம். எந்த ஊர் நியாயம் இது?

என் பெயர் க்ளெனிஸ். போர்ட் விலா என்ற பசிபிக் தீவு நகரத்தில் நான்கு வருடமாக நர்ஸ் வேலை. டிசம்பரில் ஆஸ்திரேலியா திரும்பி ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும். அதற்குள் எவளாவது என் பெயரில் கடன் வாங்கி ஏமாற்றிவிட்டால், எந்த வங்கியும் என்னை வாசலில்கூட நிற்கவிடாது. அதனால் திருட்டுச் செய்தி வந்த அன்றே கடன் பதிவு அலுவலகத்தை அழைத்து, யாரும் என் பெயரில் கடன் வாங்க முடியாதபடி என் பதிவைப் பூட்டச் சொன்னேன். இருபத்தொரு நாளைக்குப் பூட்டினார்கள்.

அன்று வீட்டு முகவரி கேட்டார்கள். எங்கள் பக்கம் தெருவுக்குப் பெயர் கிடையாது. கடிதமெல்லாம் ஆஸ்பத்திரித் தபால் பெட்டிக்குத்தான் வரும். தபால் பெட்டி செல்லாது என்றார்கள். இங்கே எல்லோரும் சொல்வதுபோல, "மாமரத்துக்குப் பின்னால, ரொட்டி அடுப்புக்குப் பக்கத்துல, நீல வீடு" என்றேன். அந்த ஆள் சிரித்துக்கொண்டே குறிப்பில் எழுதிக்கொண்டார்.

பதினெட்டாம் நாள், பூட்டை நீட்டிக்க மறுபடி அழைத்தேன். பக்கத்து வீட்டு லெய்மாரா கூடவே உட்கார்ந்திருந்தாள்; அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"பூட்டை நேத்தே எடுத்தாச்சே மேடம். க்ளெனிஸ் மேடமே போன் பண்ணாங்க," என்றார் அலுவலகத்து ஆள்.

"நான்தாங்க க்ளெனிஸ்!"

"அவங்க எல்லாக் கேள்விக்கும் சரியா பதில் சொன்னாங்க. ஜீலாங்ல முகவரி, புது நம்பர் எல்லாம் குடுத்தாங்க. உங்களைத்தான் யாருன்னு தெரியல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பதில்களையே திருடிக்கொண்டு போனவள் சரியாகச் சொல்லாமல் என்ன செய்வாள்?

லெய்மாரா போனைப் பிடுங்கினாள். "ஏம்ப்பா, எங்க சிஸ்டர் வீடு இங்க இருக்கற கோழிக்குக்கூடத் தெரியும்! அவளைக் கேட்டியா, வீடு எங்க இருக்குன்னு?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. "முதல் நாள் குறிப்பைப் பாருங்க. அது திருட்டுக்கு அப்புறம் எழுதினது. அது ஒண்ணுதான் இன்னும் களவு போகல!"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"வீடு... என்ன கலர் மேடம்?"

"நீலம். முன்னாடி மாமரம்."

"பக்கத்துல?"

"ரொட்டி அடுப்பு!" என்று லெய்மாரா கத்தினாள்.

மறுபடி பூட்டினார். நல்லவேளை, அதற்குள் யாரும் என் பெயரில் கடன் கேட்டிருக்கவில்லை. ஒரு மன்னிப்பாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

"இருபத்தொரு நாளைக்குத்தான் மேடம். அப்புறம் கூப்பிட்டு, நீங்கதான்னு மறுபடி நிரூபிக்கணும்."

போனை மேசையில் வீசினேன்.

"அதுக்குள்ள வீட்டுக்கு வேற பெயின்ட் அடிச்சிடாதீங்க சிஸ்டர்," என்றாள் லெய்மாரா.