வதந்தி என்று போட்ட செய்தி

மார்கழி மாதத்துக் காலையில், இந்துஜா பல் துலக்கி முடிப்பதற்குள் அந்தப் பதிவு நான்கு வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக வந்து சேர்ந்துவிட்டது. ‘பைபாஸ் ரோட்டு மில்லுக்குப் பூட்டு? தொழிலாளர்கள் கதி என்ன?’ என்று சிவப்பு எழுத்தில் போட்டு, அடியில் ‘கரிசல் ரேடார்’ என்று முத்திரை குத்தியிருந்தது. கோவில்பட்டியில் மொபைல் கடை வைத்திருக்கும் செல்வக்குமார் நடத்தும் முகநூல் பக்கம் அது. பஸ் கவிழ்ந்தாலும், தீப்பெட்டி ஆபீஸில் புகை வந்தாலும், யார் வீட்டு நாய் காணாமல் போனாலும் ஊருக்கு முதலில் சொல்வது அதுதான்.

இந்துஜா ஒரு தமிழ் நாளிதழின் கோவில்பட்டி நிருபர். வயது இருபத்தைந்து. எட்டயபுரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து போகிறவள். அந்தப் பதிவைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. கேள்விக்குறி ஒன்றைப் போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆகிவிட்டது. திருநெல்வேலி அலுவலகத்திலிருந்து செய்தி ஆசிரியர் ஹரிஹரசுதன் கூப்பிட்டு, என்னவென்று பார்க்கச் சொன்னார்.

மில்லில் மேலாளர் நவநீதகிருஷ்ணன் அவளை உட்கார வைத்து டீ வரவழைத்தார். மூடுகிற பேச்சே இல்லை, ஆர்டர் இருக்கிறது, ஒரு பகுதியில் மட்டும் பராமரிப்பு வேலை நடக்கிறது என்றார். உள்ளே கூட்டிப்போய் இயந்திரங்கள் ஓடுவதையும் காட்டினார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்த பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்தபோது ஷிஃப்ட் முடிந்து போய்க்கொண்டிருந்த ஒருத்தி வண்டியை மறித்து, பேப்பர்காரங்களா என்று கேட்டாள். பெயர் காளீஸ்வரி. நூல் இழை அறுந்தால் ஒட்டுகிற வேலை. மில்லை மூடப்போவதாகச் சொல்கிறார்களே, நிஜமா என்று கேட்டாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன், நாளைக்குப் பேப்பரில் வரும் என்று இந்துஜா சொன்னாள்.

சொன்னபடியே விசாரித்தாள். தொழிலாளர் துறையில் கேட்டதற்கு, அப்படி எந்தத் தகவலும் வரவில்லை என்றார்கள். தொழிற்சங்கத்துக்காரரும் தனக்குத் தெரிந்து இல்லை என்றார். ‘மில்லை மூடும் திட்டம் இல்லை: நிர்வாகம் விளக்கம்’ என்று தலைப்புக் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் அது ‘மில் மூடல் தகவல் வதந்தி’ என்று வந்திருந்தது. அலுவலகத்தில் மாற்றியிருக்கிறார்கள். தான் எழுதியதும் இதுவும் ஒன்றல்ல என்று அவளுக்கு லேசாக உறுத்தியது. ஆனால் படிக்க நன்றாக, அடித்துச் சொன்ன மாதிரி இருந்தது. செல்வக்குமாருக்கு உறைக்கட்டும் என்று படமெடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்தாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து மில் திறக்கவில்லை. கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மறு அறிவிப்பு வரும்வரை உற்பத்தி நிறுத்தி வைக்கப்படுகிறது என்று இரண்டு வரிகள், ஒரு கையெழுத்து.

இந்துஜா போனபோது கேட்டுக்கு எதிரே வேலிக்கருவை மர நிழலில் நூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. சாப்பாட்டுத் தூக்குவாளியோடு சிலர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். காளீஸ்வரிதான் அவளை முதலில் அடையாளம் கண்டு எழுந்து வந்தாள்.

அவள் சண்டைக்கு வரவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். கழுகுமலை ரோட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பேக்கிங் வேலைக்கு நாத்தனார் மூலமாகக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்குப் பக்கம். ரேடாரில் வந்ததைப் பார்த்து அங்கே போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தாள். மறுநாள் பேப்பரைப் பார்த்ததும் வரவில்லையென்று சொல்லிவிட்டாள். இப்போது அங்கே ஆள் போட்டுவிட்டார்கள்.

“ஃபோன்ல வாரதுன்னா ஆயிரம் வரும். பேப்பர்லயே போட்டுட்டாவளேன்னு இருந்துட்டேன் தாயி” என்றாள்.

 நான் கொடுத்த தலைப்பு வேறு என்று சொல்லலாமா என்று இந்துஜாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அதை நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. ரேடாரை நம்பி மார்கழியிலேயே கிளம்பிய நாலைந்து பேர் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

மேலாளர் நவநீதகிருஷ்ணனை ஃபோனில் பிடித்தாள். அன்றைக்கே தெரியுமா என்று நேராகவே கேட்டாள்.  முதலாளி தன்னிடமே எதுவும் சொல்லவில்லை என்றும், தானும் இப்போது வேலை தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். குரலைக் கேட்டால் உண்மை போலத்தான் இருந்தது. அன்றைக்கு டீ கொடுத்துப் பேசியபோதும் இதே மாதிரிதான் இருந்தது.

மாலையில் செல்வக்குமாரின் கடைக்குப் போனாள். அவன் ஒரு ஃபோனின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டான். கேலி செய்வான் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு அவன் அப்படி எதுவும் செய்யாதது இன்னும் சங்கடமாக இருந்தது.

“மூடப்போறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது அண்ணாச்சி?”

“எனக்கு எங்க தெரியும்?” என்றான் அவன். “எவனோ ஒருத்தன் வாய்ஸ் அனுப்பிருந்தான், போட்டேன். அந்த மாசம் இன்னும் மூணு மில்லுக்கும் போட்டேன்லா. அதெல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

“அதை நம்பி அங்க யாராவது வேலையை விட்டிருந்தா?”

“விட்டிருப்பாவ” என்று சொல்லிவிட்டு, அவன் திருகாணியைத் தேடினான். “யாரும் வந்து கேக்கல.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைக் குழப்பியது. கிளம்பும்போது, ரேடாருக்கு வந்துவிடுங்கள் என்று அவன் கூப்பிட்டான். அவள் விசாரித்துச் சொன்னால் போதும், கேமரா முன்னால் பேசத் தனக்குத் தெரியும், விளம்பரம் வருகிறது, இப்போது வாங்கும் சம்பளத்தைவிடக் கூடுதலாகவே தருவேன் என்றான். விசாரித்துத்தானே தப்பாகப் போட்டேன் என்று அவள் வாய்வரை வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

எட்டயபுரம் ரோட்டில் இரண்டு பக்கமும் உளுந்து பறிப்பு நடந்துகொண்டிருந்தது. வண்டி தன்பாட்டில் ஓட, அவளுக்குள் கேள்விகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. விசாரிக்காமல் போட்டவன் சொன்னது நடந்துவிட்டது. நாலு பேரிடம் கேட்டு எழுதியது ஒருத்தியின் வேலையைக் கெடுத்துவிட்டது. அப்படியானால் கேட்டது தப்பா, கேட்ட ஆட்கள் தப்பா, கேட்டதற்கு மேல் ஒரு சொல் கூடுதலாகப் போட்டதுதான் தப்பா? கல்லூரியில் கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் இந்தத் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். அரசுத் தேர்வு எழுதச் சொல்லி அப்பா வாரத்துக்கொரு தடவை சொல்கிறார். இதுவரை அதற்கெல்லாம் அவளிடம் ஒரு பதில் இருந்தது. நான் உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்பதுதான் அந்தப் பதில். இப்போது அதைச் சொன்னால் அவளுக்கே நம்பிக்கை வராது.

அன்று அனுப்பிய செய்தியின் கடைசியில், மில்லை மூடுவதாகச் சொல்வது வதந்தி என்று சென்ற மாதம் இதே நாளிதழ் வெளியிட்டிருந்தது என ஒரு வரி சேர்த்தாள். ஹரிஹரசுதன் உடனே கூப்பிட்டார்.

“அதை நாமளே எதுக்கும்மா கிளறணும்?” என்றார். “இப்பவும் ‘நிறுத்தி வைக்கிறோம்’னுதான் ஒட்டியிருக்காங்க. மூடல் வேற, நிறுத்தம் வேற. நம்ம செய்தி தப்பில்ல.”

கேட்டில் நிற்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் சார் என்றாள். அவர் கோபப்படவில்லை. அவள் வயதில் தானும் இப்படித்தான் இருந்ததாகச் சொன்னார். மறுநாள் அந்த வரி இல்லாமல் செய்தி வந்தது. ராஜினாமாக் கடிதத்தை ஃபோனிலேயே எழுதினாள். எழுதி முடித்ததும் யார் மேல் கோபம் என்று தெரியாமல் அழித்தாள்.

நாலைந்து நாள் கழித்துக் காளீஸ்வரி கூப்பிட்டாள். ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லில் பெண்கள் தேவை, தங்கும் இடம் இலவசம் என்று ஃபோனில் ஒரு படம் வந்திருக்கிறதாம். அதை இந்துஜாவுக்கு அனுப்பியிருந்தாள்.

“இது நெசமான்னு பாத்துச் சொல்லு தாயி.”

 இவ்வளவுக்குப் பிறகும் இவள் எப்படி என்னிடம் கேட்கிறாள் என்று இந்துஜா நினைத்தாள். படத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினாள். ஆள் எடுக்கிறோம், வரச்சொல்லுங்கள் என்றார் ஒருவர். அந்தப் பக்கத்து நிருபர் ஒருவரிடம் கேட்டாள். மில் இருப்பது உண்மை, ஓடுவதும் உண்மை, மற்றது தெரியாது என்றார். அதையெல்லாம் ஒன்று விடாமல் காளீஸ்வரியிடம் சொன்னாள். யார் யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னாள்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்பம் போகட்டுமா வேண்டாமா?” என்றாள் காளீஸ்வரி.

“தெரியலக்கா.”

 இந்துஜாவே மறுபடி பேசினாள். “ஞாயித்துக்கிழமை நானும் கூட வாரேன். நேர்ல பாத்துட்டு வருவோம்.”

ஞாயிறு காலை இருவரும் சங்கரன்கோவில் போய், அங்கே பஸ் மாறினார்கள். காளீஸ்வரியின் புருஷனுக்கு இருபது ஆடுகள். அதை விட்டு அவர் எங்கேயும் நகர முடியாது. மகன் ஏழாம் வகுப்பு. இதையெல்லாம் வழியில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மில் படத்தில் இருந்தபடியே இருந்தது. ஆள் எடுத்தார்கள். தங்கும் இடமும் இலவசம்தான். ஆனால் தங்கியே ஆகவேண்டும், மாதத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்குப் போகலாம் என்று படத்தில் இல்லை. ஒரு அறைக்கு எட்டுப் பேர். அங்கிருந்த பெண்களில் ஒருத்தி பரவாயில்லை என்றாள். இன்னொருத்தி மேற்பார்வையாளரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். படம் பொய்யா என்றால் பொய்யில்லை. உண்மை என்றும் இந்துஜாவால் சொல்ல முடியவில்லை.

 திரும்பும் பஸ்ஸில் காளீஸ்வரி, போகவில்லை என்று முடிவைச் சொன்னாள். மகனை விட்டுவிட்டு மாதம் முழுக்க இருக்க முடியாது. உளுந்து பறிப்பு முடியும்வரை காட்டு வேலைக்குப் போவதாகவும், அதற்குள் பக்கத்தில் ஏதாவது கிடைக்கும் என்றும் சொன்னாள்.

“உங்களுக்கு ஒரு நாள் வீணாப் போச்சேக்கா” என்றாள் இந்துஜா.

“பாக்காமப் போயிருந்தா ஒரு மாசம்லா போயிருக்கும்” என்றாள் காளீஸ்வரி. பிறகு அவள் பக்கம் திரும்பி, “ரேடார்ல சேரப்போறியாமே? அவன் கடையில சொன்னாவ” என்று கேட்டாள்.

இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள் இந்துஜா. சேரலாமா, இருக்கும் இடத்திலேயே இருக்கலாமா, இரண்டையும் விட்டுவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கலாமா என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். இதை அவள் அப்பாவிடமோ ஹரிஹரசுதனிடமோ சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். காளீஸ்வரி கேட்டுக்கொண்டாள். அசதியில் சிறிது நேரத்தில் தூங்கிப்போனாள்.

கழுகுமலை தாண்டியதும் இந்துஜா கைபேசியை எடுத்தாள். அந்த மில்லில் பார்த்ததை எழுத ஆரம்பித்தாள். இலவசம் என்பது எப்படி, மாதம் எத்தனை தடவை வீடு, யார் என்ன சொன்னார்கள், யார் சொல்லவில்லை. நாளிதழுக்கா, ரேடாருக்கா, எங்கே அனுப்புவது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. தலைப்புக்கான இடத்தை வெறுமனே விட்டுவிட்டு, பஸ் குலுங்கக் குலுங்க ஒரு விரலால் தட்டிக்கொண்டே வந்தாள்.