மாப்பிள்ளை மாட்டாத பெல்ட்

வேளாங்கண்ணியில் கடற்கரைக்குப் போகிற சாலையை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த லாட்ஜ் கட்டடத்தில் சிங்காரவேலு சேஃப்டி சூப்பர்வைசர். பேர்தான் பெரிய பேர். சாரம் ஏற வருகிற ஆள் ஹெல்மெட் போட்டிருக்கிறானா, பெல்ட் மாட்டியிருக்கிறானா, அதன் கொக்கி கயிற்றைக் கவ்வியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாதவனை ஏறவிடக் கூடாது. துபாயில் வருஷக்கணக்கில் இதையே செய்துவிட்டு வந்தவன் அவன். அங்கே எந்தக் கொம்பனாக இருந்தாலும் பெல்ட் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவான். அங்கே அவனுக்கு யார் இருந்தார்கள், சொந்தமா பந்தமா?

இங்கே வந்து வாய்த்தான் வெற்றிசெல்வன், தங்கச்சி புருஷன்.

சித்திரை பிறந்து மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் ஊரில் போட்டெல்லாம் கரையில் கிடந்தது. சும்மா சீட்டாடிக்கொண்டிருந்த ஆட்களை சிங்காரவேலுதான் சைட்டுக்குக் கூட்டிவந்தான். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டை மாட்டினார்கள். வெற்றிசெல்வன் மட்டும் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"அலையில ஆடுற போட்டுல நின்னு வலை இழுக்குறவன் நான். எனக்கு இந்தச் சாரமெல்லாம் கட்டாந்தரை மச்சான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏறிப்போய்விட்டான். மேலே போய் ஒரு கையை விட்டுவிட்டு நின்று வேறு காட்டினான். கீழே நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

இறங்குடா கீழே என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்குத்தான் சம்பளம். சிங்காரவேலு சொல்லவில்லை. ஏதோ அவசர வேலை இருப்பதுபோல ஸ்டோர் ரூம் பக்கம் நடந்தான்.

அவனுக்கும் காரணம் இருந்தது. தங்கச்சி சந்திரலேகாவின் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையை நேரில் போய் அழைக்காமல், துபாயிலிருந்து போனில் அழைத்தான். அந்தக் குற்றத்துக்காக வெற்றிசெல்வன் பெண்டாட்டியைக் கொண்டுவந்து பிறந்த வீட்டில் விட்டுவிட்டான். பெரியவர்கள் காலில் கையில் விழுந்து, அவள் திரும்பிப் போவதற்குள் பொங்கலே வந்துவிட்டது. வீடியோ காலில் பார்த்தபோது அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்ததை சிங்காரவேலு இன்னும் மறக்கவில்லை. ஒரு போனுக்கே இந்தப் பாடென்றால், நாலு பேர் பார்க்கச் சாரத்திலிருந்து இறக்கினால் என்ன ஆகும்? பெல்ட்டைப் பார்ப்பதா, தங்கச்சி வாழ்க்கையைப் பார்ப்பதா?

ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சொன்னான். சந்திரலேகா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் சொன்னா கேக்குற ஆளாண்ணே அவரு? நீயே ஒருநாள் தனியாக் கூப்பிட்டுப் பக்குவமாச் சொல்லு. ஆளுங்க முன்னாடி மட்டும் எதுவும் பேசிப்புடாத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

தனியாகவும் சொல்லிப் பார்த்தான். வெற்றிசெல்வன் அவன் தோளில் தட்டிச் சிரித்ததோடு சரி.

அதற்குள் ஊர் ஆட்கள் ஒவ்வொருவராகப் பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். சிங்காரவேலு அதட்டினால் மேலே கண்ணைக் காட்டுவார்கள். அங்கே மாப்பிள்ளை நிற்பான். அப்புறம் இவன் என்னத்தைப் பேசுவது?

பூச்சு வேலைக்கு வந்திருந்த இளையபெருமாள் மட்டும் விடாமல் பெல்ட் போட்டான். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆள். குறுவைக்குத் தண்ணீர் வருகிறவரை வயலில் வேலை இல்லையென்று வந்தவன். உயரமென்றால் அவனுக்குக் குலை நடுங்கும். கொக்கியை மாட்டிவிட்டு, "நல்லா இழுத்துப் பாருங்கண்ணே" என்று சிங்காரவேலுவிடம் வந்து நிற்பான். பார்த்தவர்கள் விடுவார்களா? "வந்துட்டுதுடா கட்டிப்போட்ட கன்னுக்குட்டி" என்று வெற்றிசெல்வன் மேலேயிருந்து கத்துவான். சாரமே குலுங்கும்படி எல்லாரும் சிரிப்பார்கள். இளையபெருமாளும் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டே ஏறுவான்.

ஒரு புதன்கிழமை அவனும் பெல்ட் இல்லாமல் வந்து நின்றான்.

"எங்கய்யா பெல்ட்டு?"

இளையபெருமாள் தலையைச் சொறிந்தான். "கேலி தாங்க முடியலண்ணே. உங்க மாப்ள போடாமத்தான் நிக்கிறாரு. அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

வம்புக்குக் கேட்கவில்லை, பாவம். நியாயமாகத்தான் கேட்டான். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. மேலே நிற்கிறவனை இறக்குவது. சிங்காரவேலு நிமிர்ந்து பார்த்தான். வெற்றிசெல்வன் சாரத்தில் சாய்ந்துகொண்டு, மச்சான் என்ன செய்யப்போகிறான் பார்க்கலாம் என்பதுபோல இவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்து நில்லு" என்று மட்டும் இளையபெருமாளிடம் சொன்னான் சிங்காரவேலு.

டீ வருகிற நேரத்துக்கு நடந்தது. கலவைச் சட்டியை வாங்கத் திரும்பியபோது இளையபெருமாள் மிதித்திருந்த பலகை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. பக்கத்தில் நின்ற வெற்றிசெல்வன் கையை நீட்டினான், எட்டவில்லை. நாலாவது மாடி. கீழே கம்பி அடுக்கியிருந்த இடத்தில் இளையபெருமாள் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

சந்திரலேகா போன் செய்தாள். "கேள்விப்பட்டதும் எனக்கு ஈரக்குலையே ஆடிப்போச்சுண்ணே. நல்லவேளை, நம்ம வீட்டு ஆளுக்கு ஒண்ணும் ஆகல." சிங்காரவேலு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான். அவள்மேல் கோபப்படக்கூட அவனுக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் இளையபெருமாள் வீட்டுக்குப் போனான். வெற்றிசெல்வனும் கூப்பிடாமலே வண்டியில் பின்னால் வந்து ஏறிக்கொண்டான். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை, இரண்டு பக்கமும் வயல் வெடித்துக் கிடந்தது. அடக்கம் முடிந்திருந்தது. பந்தலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இளையபெருமாள் பெண்டாட்டி நீலாயதாட்சி சுவரில் சாய்ந்து கிடந்தாள். யாரோ போய்ச் சொன்னதும் எழுந்து வந்தாள்.

"நீங்கதானா சிங்காரவேலு அண்ணன்?"

அவன் தலையாட்டினான்.

"உசரம்னா அவருக்குப் பயம்ணே. முதநாள் போயிட்டு வந்து, இனிமே போகலன்னுட்டாரு. எனக்கும் அனுப்ப மனசில்ல. அப்புறம் அவரேதான் சொன்னாரு, அங்க சிங்காரவேலுன்னு ஒரு அண்ணன் இருக்காரு, பெல்ட்டு இல்லாம ஒருத்தரையும் மேல ஏத்த மாட்டாரு, கொக்கிய அவரே இழுத்துப் பாத்துட்டுத்தான் விடுவாருன்னு. அதக் கேட்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்துச்சு. தினமும் பயமில்லாம சோறு கட்டிக் குடுத்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. "நேத்து நீங்க வேலைக்கு வரலையாண்ணே?"

வெற்றிசெல்வன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"வந்திருந்தேம்மா" என்றான் சிங்காரவேலு.

அவளுக்குப் புரியவில்லை. அவன் இன்னும் ஏதோ சொல்லப்போகிறான் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.