சீர்ச் சாமான்களோடு ஒரு டாக்டர்

நாச்சியாபுரத்து வயிரவன் செட்டியார் மகள் சாலாவின் கல்யாணத்தில் என்னையும் சீர்ச் சாமானாகப் பரப்பி வைத்தார்கள். நான் ஓரத்துச் சாமான்தான். நடுநாயகம் எங்கள் டாக்டர் மெய்யநாதன், எல்.எம்.பி. நான் அவருடைய கம்பவுண்டர் குழந்தைவேலு. மருந்து கலக்கப் படித்தவனுக்கு இந்தக் கேடும் வேண்டியிருந்தது!

எங்கள் பக்கத்துச் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களில், பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை எல்லாம் வளவு முற்றம் நிறையப் பரப்பி வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பார்த்து முடிக்கிறவரை ஒரு கரண்டியைக்கூட நகர்த்தக் கூடாது. போன முகூர்த்தத்தில் கீழச்சிவல்பட்டியில் ஒருவர் கிராமபோன் பெட்டி வைத்துவிட்டார். அன்றிலிருந்து வயிரவன் செட்டியாருக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில், பெண்ணோடு ஒரு டாக்டரையே அனுப்புவது என்று முடிவு கட்டினார். மாதச் சம்பளத்தில் வீட்டோடு இருப்பார். வேறு எவன் வீட்டில் இருக்கிறது டாக்டர்?

எங்கள் டாக்டரும் தலையாட்டிவிட்டார். காரைக்குடியில் போர்டு மாட்டி ஈ ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், பாவம். வருகிறவன் எல்லாம் போர்டை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு நாட்டு வைத்தியரிடம் போய்விடுவான்.

ஆகவே அன்று வெள்ளிக் குடங்களுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே ஒரு தேக்கு நாற்காலி. அதில், வைகாசிப் புழுக்கத்தில், கம்பளிக் கோட்டோடு டாக்டர். அவர் முன்னால் வெள்ளைத் துணியில் அவருடைய ஆயுதங்கள், புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று. பக்கத்தில் சிவப்பு மருந்துப் புட்டியோடு நான்.

அப்போதுதான் தண்ணீர் இறைக்கிற சோணை ஓடி வந்தான். அவன் பெண்டாட்டி கருப்பி நிறைமாசம். கல்யாண வீட்டுக்கு நெல் குத்த வந்த இடத்தில் வலி கண்டு, பின்னால் மாட்டுக்கொட்டத்தில் கிடந்தாள்.

"டாக்டரய்யா, பிள்ளை வழியில சிக்கிக்கிருச்சாம். மருத்துவச்சி கையை விரிச்சிட்டா. ஆயுதம் போட்டு எடுத்தாத்தான் ரெண்டு உசுரும் பொழைக்குமாம். ஒரு எட்டு வாங்கய்யா!"

செட்டியார் குறுக்கே வந்து நின்றார். "கூறு இருக்காடா உனக்கு? பரப்புன சாமான்டா இது! மாப்பிள்ளை வீட்டாக உள்ள வந்துட்டாக. பாத்து முடிக்கட்டும், அப்புறம் அனுப்புறேன்."

டாக்டர் பாதி எழுந்தார். செட்டியார் ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

"போயிருவோம் சார்" என்றேன்.

"உத்தியோகம் போயிடும், குழந்தைவேலு. ஒரு அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷமாம்! அதைப் பிள்ளையிடம் யார் போய்ச் சொல்வது?

பெண்கள் வந்தார்கள். ஒருத்தி வெள்ளிக் குடத்தைச் சுண்டிப் பார்த்தாள். அதே விரலால் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பையும் சுண்டினாள். இன்னொருத்தி, "இவுக இங்கிலீசு பேசுவாகளா?" என்று கேட்டாள். "பேசிக் காட்டுங்க டாக்டரு!" என்றார் செட்டியார். டாக்டர் "குட்மார்னிங்" என்றார். எல்லோருக்கும் பரம திருப்தி. பின்பக்கமிருந்து அலறல் கேட்டது. மேளத்தைப் பலமாக அடிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார் செட்டியார்.

மாப்பிள்ளையின் தாயார் அக்கம்மாள் ஆச்சி ஆயுதங்களைக் குனிந்து பார்த்தார். "இது என்னத்துக்கு, இம்புட்டுப் பெரிய இடுக்கி?"

"பலகாரம் எடுக்கிறதுக்கு ஆச்சி. அசல் சீமைச் சரக்கு!" என்றார் செட்டியார்.

டாக்டர் துள்ளி எழுந்தார். கருப்பிக்காக எழாத மனுஷன் இடுக்கிக்காக எழுந்துவிட்டார்!

"பலகாரமா? பிரசவ ஆயுதம் அம்மா இது! சிக்கின பிள்ளையை உசுரோட எடுக்கலாம். இதுல காலேஜ்லேயே எனக்குத்தான் முதல் மார்க்கு!"

மேளக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். கருப்பியின் குரல் வளவுக்குள் வந்தது. ஆச்சி நிமிர்ந்தார்.

"அங்குட்டு ஒருத்தி உசுரு போகக் கத்துறா. இதை வச்சுக்கிட்டு இங்குட்டு என்ன பண்ணிக்கிட்டு இருக்கீக?"

டாக்டர் செட்டியாரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க இன்னும் பாத்து முடிக்கலையே ஆச்சி" என்று செட்டியார் இழுத்தார்.

"பாத்தாச்சு. நல்லாவே பாத்தாச்சு. எடுத்துக்கிட்டு ஓடுங்க!"

ஓடினோம். மாட்டுக்கொட்டத்துக்குள் நுழைந்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார். கோட்டைக் கழற்றி வைக்கோலில் எறிந்தார். வெந்நீர் கேட்டார். புளி வாசனை போக ஆயுதத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். பெண் குழந்தை, நீலம் பாரித்து வந்தது. முதுகில் தட்டித் தட்டிக் கத்த வைத்தார். கருப்பி கண் திறந்து, "என்ன பிள்ளை?" என்று கேட்டாள். டாக்டர் அழுதுவிட்டார்.

சட்டையெல்லாம் ரத்தத்தோடு வளவுக்குத் திரும்பினோம். தேக்கு நாற்காலியில் ஒரு சுவர்க்கடிகாரத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"தப்பா நினைக்காதீக டாக்டரு. புழங்கின சாமானை எப்படிச் சீர்ல வைக்கிறது?" என்றார் செட்டியார்.

டாக்டர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் கும்பிடாமல் வாசலைப் பார்த்து நடந்தார்.

என்னை மட்டும் செட்டியார் தூணோரம் இழுத்தார். "தம்பி, பட்டணத்துல உனக்குத் தெரிஞ்ச வேற டாக்டரு இருந்தாச் சொல்லு. புதுசா இருக்கணும். இன்னும் ஒரு வேலையும் பாக்காதவுகளா இருக்கணும்."

"அப்படிப்பட்டவுக நிறைய இருக்காக, செட்டியாரய்யா" என்றேன்.